உளுந்தில் மஞ்சள் தேமல்: முதல் 30 நாள் கவனமே மகசூலைக் காக்கும்

உளுந்து விதைத்த மூன்றாம் வாரத்தில் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மஞ்சளாகத் தெரிவதுண்டு. உரம் போதவில்லை என்று எண்ணி யூரியா தூவும் விவசாயிகள் பலர். சில நாட்களில் மஞ்சள் மேலும் பரவுகிறது. உரச் செலவும் வீணாகிறது. இது பெரும்பாலும் சத்துக் குறைவு அன்று, மஞ்சள் தேமல் நோய். உளுந்து, பாசிப்பயறு இரண்டுக்கும் பெருஞ்சேதம் விளைவிக்கும் நோய் இது.

அறிகுறிகள்

சத்துக் குறைவில் ஒரு பகுதியிலுள்ள செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுக்கும். தேமல் நோயிலோ, பச்சைச் செடிகளின் நடுவே ஒரு செடி மட்டும் மஞ்சளாகும். முதலில் இளம் இலையில் சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அடுத்து வரும் இலைகளில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். பின்னர் இலை முழுவதும் மஞ்சளாகும். காய்கள் குறைந்து, மணிகள் சிறுத்துச் சுருங்கும். விதைத்த ஒரு மாதத்துக்குள் நோய் கண்ட செடியில் மகசூலை எதிர்பார்ப்பதற்கில்லை.

பரவும் விதம்

இந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் நச்சுயிர். அதைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது வெள்ளை ஈ. இலையின் அடிப்புறத்தில் தங்கும் இந்த ஈ, நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது நச்சுயிரும் அதன் உடலில் சேர்ந்து பல நாட்கள் தங்கிவிடும். பிறகு அது அமரும் நல்ல செடிகளுக்கும் நோய் தொற்றும். கோடையில் வெள்ளை ஈ பெருகுவதால் அப்போது நோயும் மிகும்.

வெண்டையிலும், நார்ப் பயிரான புளிச்சையிலும் இலை நரம்புகள் மஞ்சளாகும் நோய் உண்டு. அவற்றின் நச்சுயிர் வேறு. பரப்பும் ஈ ஒன்றே. ஆகவே உளுந்து வயலை ஒட்டி வெண்டை, கத்தரி, பருத்தி இருந்தால் அவற்றிலும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பிடுங்கத் தயங்கலாகாது

நச்சுயிர் ஏறிய செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதைப் பிடுங்கி அழிப்பதே வழி. வளர்ந்த செடியைப் பிடுங்க மனம் வராதுதான். ஆனால் கணக்குப் பார்த்தால் தயக்கம் நீங்கும். 30 செ.மீ. வரிசையில் 10 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,35,000 செடிகள் இருக்கும். அதில் 200 செடிகளைப் பிடுங்கினால் ஆயிரத்துக்கு இரண்டுகூடப் போவதில்லை. விட்டுவைத்தால் அந்த 200 செடிகளிலிருந்தே வயல் முழுவதும் நோய் பரவும்.

விதைத்ததிலிருந்து 30 நாள் வரை, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை காலை வேளையில் வயலைச் சுற்றி வர வேண்டும். நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் இட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். வரப்பில் போட்டால் ஈக்கள் மீண்டும் பயிருக்கே வந்து சேரும்.

வெள்ளை ஈக் கட்டுப்பாடு

மஞ்சள் வண்ணம் இந்த ஈயைக் கவரும். மஞ்சள் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி, பயிர் மட்டத்துக்குச் சற்று மேலே ஏக்கருக்கு 5 இடங்களில் கட்டலாம். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்தால் ஈ உள்ளே வருவது குறையும். வயலிலும் வரப்பிலும் களை இருக்கக் கூடாது.

ஈ தென்பட்டதும் 1 லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் வேளாண்மை அலுவலரைக் கேட்டுப் பூச்சி மருந்து தெளிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் ஈ அதற்குப் பழகிவிடும்.

விதையிலேயே பாதுகாப்பு

இவை எல்லாவற்றுக்கும் முதற்படி நோயைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 6, வம்பன் 8 ஆகிய உளுந்து ரகங்கள் இந்நோயை எதிர்க்க வல்லவை. சொந்த விதை வைத்திருப்போர் நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்கக் கூடாது.

தாங்கும் ரகத்தை விதைத்து, முதல் 30 நாள் வயலைக் கவனித்து, மஞ்சள் செடியை அன்றன்றே அகற்றும் விவசாயிக்கு மருந்துச் செலவு குறையும். மகசூலும் கைக்கு வரும்.