அந்தப் புள்ளிக்கோடு அழியக் கூடாது

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. பழைய டேப்லெட்ல ஆங்ரி பேர்ட்ஸ் விளையாடிட்டு இருந்தா. அவ விட்ட பறவை பன்றியைத் தாண்டிப் போய் எங்கயோ விழுந்துச்சு. "அய்யோ, போச்சா?"ன்னு கேட்டேன். "இருங்க சித்தி, கோடு இருக்குல்ல"ன்னா.

எந்தக் கோடு? ஒரு பறவையை விட்டதும் அது போன பாதை திரையில புள்ளி புள்ளியா நிக்கும். அடுத்த பறவையைக் கவண்ல வைக்கும்போதும் அந்தப் புள்ளிகள் அங்கேயே இருக்கும். அவ அதைப் பார்த்துட்டு, போன தடவையை விடக் கொஞ்சம் கம்மியா இழுத்து விட்டா. கிட்டத்துல வந்துச்சு. மூணாவது பறவையில பன்றி காலி. இன்னைக்கு எபிசோட் அந்தக் கோட்டைப் பத்தித்தான்.

முதல்ல, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஃபின்லாந்துல இருக்குற ரோவியோ கம்பெனி 2009 டிசம்பர்ல வெளியிட்ட கேம் இது. ஆனா அதோட இயற்பியல் கணக்கைப் போடறது பாக்ஸ்டூடிங்கிற இன்ஜின். எரின் கேட்டோ எழுதி, 2007ல ஓப்பன் சோர்ஸா இலவசமா வெளியிட்டது.

பறவையோட வளைவை இந்த இன்ஜின் ஒரே ஃபார்முலாவுல போடறது இல்ல. நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டுது. பொதுவா ஒரு துண்டுங்கிறது நொடியில 60ல் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டுலயும் பறவைக்கு ரெண்டே வேலை: புவியீர்ப்பை வேகத்தோட கூட்டு, அந்த வேகத்துக்கு ஏத்த மாதிரி இடத்தை நகர்த்து. பக்கவாட்டு வேகத்தை யாரும் தொடறது இல்ல, கீழ்நோக்கிய வேகம் மட்டும் ஏறிட்டே போகுது. வளைவு தானா வந்துடுது. பிளஸ் ஒன்ல எறிபொருள் இயக்கம்னு படிச்சோமே, அதேதான்.

மோதல்தான் கஷ்டமான இடம். ரொம்ப வேகமாப் போற பொருள் ஒரு துண்டுல சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த துண்டுல அந்தப் பக்கம் போயிருக்கும். சுவரைத் தொடவே இல்லன்னு கணக்கு சொல்லும். இதுக்கு டனலிங்னு பேர். நடுவுல எப்போ மோதியிருக்கும்னு தனியாத் தேடுற வசதியும் பாக்ஸ்டூடில இருக்கு.

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரெட் அலெய்ன் 2010ல இந்த கேமோட வீடியோவை எடுத்து, பறவை எப்படிப் பறக்குதுன்னு ஃப்ரேம் ஃப்ரேமா அளந்து வயர்ட் தளத்துல எழுதினார். விடை தெரியாத ஒரு உலகத்தை அளக்குற மாதிரி அளந்தார்.

இப்போ என் கதை. முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப்ல டார்ஷன் பெண்டுலம். விடை எவ்வளவு வரணும்னு சீனியரோட ரெகார்டுல பார்த்துட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி பின்னாடியிருந்து ரீடிங் எழுதினேன். நிஜமா எடுத்த ரீடிங்கை ரப்பர் வச்சு அழிச்சாச்சு. ஃபுல் மார்க் வந்துச்சு. அன்னைக்கு நான் அழிச்சது என்னன்னு இவ விளையாடறதைப் பார்க்கும்போதுதான் உறைச்சுது. தப்பாப் போன கோட்டை அழிச்சிருக்கேன்.

இதுக்காக டேப்லெட்டைக் கையில குடுத்தா ஃபிசிக்ஸ் வந்துடும்னு சொல்லல. அந்த கேம்லயே மைட்டி ஈகிள்னு ஒண்ணு இருந்துச்சு. அப்போ காசு கட்டினா பெரிய கழுகு வந்து லெவலை முடிச்சுக் குடுத்துச்சு. என்னைக் கேட்டா அதுதான் சீனியர் ரெகார்டு.

அதனால பிள்ளைங்க விளையாடும்போது "ஜெயிச்சியா?"ன்னு கேக்காதீங்க. "போன தடவை எங்க விழுந்துச்சு? இப்போ எதை மாத்தப் போற?"ன்னு கேளுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தச் சொல்லுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில ஒரு வாளியை வச்சு, பேப்பர் பந்து எறிஞ்சு விளையாடினோம். ரெண்டு தடவை தப்பினதும் திரும்பிப் பார்த்தா. "சித்தி, இங்க கோடு வரலையே?"

விழுந்த இடத்துல குறி போட ஒரு சாக்பீஸைக் கையில குடுத்தேன்.