ரெண்டு கோடு சொல்லும் சேதி

நாள் தள்ளிப் போனால், "முழுகாம இருக்கியாம்மா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கு இன்று விரல் நீள அட்டை ஒன்று ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுகிறது. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுப் பாருங்கள். மருந்துக் கடையிலும் வாங்கலாம். அட்டைக்குள் மின்சாரமும் இல்லை, யந்திரமும் இல்லை. பின்னே எப்படி வேலை செய்கிறது?

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிறதல்லவா, அதே சங்கதிதான். உள்ளே இருக்கும் வெள்ளைப் பட்டை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். சில சொட்டு சிறுநீர் விட்டால், அந்தத் துளைகள் வழியே தானாக ஊர்ந்து போகும். கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகு எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரிலும் வரும். அதைப் பிடிக்க வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆமாம், தங்கமேதான்! அவ்வளவு சிறிதானால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். ஹார்மோனைப் பிடித்த துகள்கள் 'டி' என்ற இடத்தில் தடுக்கப்பட்டுக் கோடாகத் தெரிகின்றன. மீதித் துகள்கள் 'சி' என்ற இடம் வரை போய் அங்கே ஒரு கோடு போடும். நீர் சரியாக ஓடியதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

ஆகவே 'சி' கோடு வராத அட்டை செல்லாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். 'சி' மட்டும் வந்தால் இப்போதைக்கு இல்லை என்று பொருள். இரண்டும் வந்தால், 'டி' மங்கலாக இருந்தாலும், கர்ப்பம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் சொன்ன நேரத்துக்குள் பார்க்கணும். காலையில் செய்துவிட்டு, சமையல் முடிந்து வந்து பார்த்தால், காய்ந்த பட்டையில் பொய்க்கோடு தெரியும். பல பெண்கள் வீணாகக் கலங்குவது இதனால்தான்.

நாள் தள்ளிய பிறகு, காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரில் பாருங்கள். ராத்திரி முழுதும் தேங்கியதால் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். உறையை முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும். இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வரவில்லையா? ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

முன்காலத்தில் இது சுலபமாக இல்லை. 1930-களிலிருந்து 1960-கள் வரை மேல்நாடுகளில் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டை இடுகிறதா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் 1977-இல் கடைக்கு வந்த வீட்டுச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரே பட்டையில் பார்க்கும் முறை 1988-இல் இங்கிலாந்தில் வந்தது.

துளி திரவத்தை நுண்ணிய வழிகளில் ஓடவிட்டுச் சோதிக்கும் இந்த வித்தைக்கு நுண்பாய்மவியல் என்று பெயர். மலேரியா அட்டையும் இதே ஜாதிதான், அதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். முடி கனமே உள்ள வாய்க்காலில் ரத்த அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு எண்ணுகிறார்கள். சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் ட்ரூநாட் சிறு சில்லில் வேலை செய்கிறது. நம் நாட்டிலேயே செய்த அந்தக் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்றது.

அட்டைக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கரு எங்கே தங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. சில சமயம் கரு கருக்குழாயிலேயே வளர்ந்துவிடும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ரெண்டு கோடு வந்தவருக்கு அடிவயிற்றில் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி ரெண்டு கோடு வந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் செவிலியரிடம் பெயர் பதிந்துகொள்ளுங்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. போலிக் அமில மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று நினைப்பவர்களும் கடை மாத்திரையை நம்பாமல் சீக்கிரம் டாக்டரிடம் வரவும். 2021-இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும்.