கடல்மீன் தொட்டியில் கூட்டமாக வாழும் மீன்கள்: எத்தனை வளர்க்கலாம்?

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மூன்றடி நீளமுள்ள கடல்மீன் தொட்டி ஒன்றை வீட்டில் வைத்தார். பச்சைக் குரோமிஸ் மீன்கள் ஐந்தை வாங்கி விட்டார். முதல் இரண்டு வாரம் ஐந்தும் ஒன்றாகவே நீந்தின. பிறகு ஒன்று குறைந்தது. மூன்றாம் மாதம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் குறை எதுவும் இல்லை. "அத்தா, நாம என்ன தப்பு செஞ்சோம்?" என்று மகள் கேட்டிருக்கிறாள். அவர் அதை என்னிடம் கேட்டார். மீன் வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களிடம் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பச்சைக் குரோமிஸ், பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சிறிய மீன். கடலில் கிளைவிட்ட பவளங்களுக்கு மேலே பெருங்கூட்டமாக நீந்தும். ஆபத்து வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பவளக் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். எதிரியை முன்கூட்டியே காணப் பல கண்கள் உதவும். கூட்டத்தில் தனியொரு மீனைக் குறிவைத்துப் பிடிப்பதும் எதிரிக்குச் சிரமம். கூட்டமாக வாழ்வதன் முக்கியக் காரணம் இந்தப் பாதுகாப்புதான்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளும் பெரியது, சிறியது என்ற வரிசை உண்டு. கடலில் துரத்தப்படும் மீன் விலகிப் போய்விடலாம். கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக இடமில்லை. வேட்டையாடும் மீன் இல்லாததால் ஒட்டி நிற்க வேண்டிய அவசியமும் குறைகிறது. வலிமையான மீன், பலவீனமானதை நாள் முழுவதும் துரத்துகிறது. அது மூலையில் பதுங்கி, சரியாகச் சாப்பிடாமல், துடுப்பு கிழிந்து இறக்கிறது. பிறகு அடுத்த பலவீனமான மீனின் முறை வருகிறது. அந்த வீட்டில் நடந்ததும் இதுதான்.

"கூட்டமாக வாழும் மீன் என்றால் மூன்று அல்லது ஐந்து வாங்கினால் போதும்" என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் சிறிய தொட்டிக்கு இந்த எண்ணிக்கைதான் மிகவும் ஆபத்தானது. பத்து மீன்கள் இருந்தால் துரத்தல் பலர்மீது பரவும். மூன்றே இருந்தால் ஒரே மீன்தான் எல்லா அடியையும் வாங்கும்.

அப்படியானால் எத்தனை? 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 182 லிட்டர். மணலும் பாறையும் போட்டால் தண்ணீர் இன்னும் குறையும். இதில் ஒரு குரோமிஸ் போதும். அது தனியாகவும் நன்றாக வாழும். கூட்டமாகத்தான் வேண்டும் என்றால், ஐந்தடி நீளமும் 400 லிட்டர் அளவும் உள்ள தொட்டியில் ஏழு முதல் பத்து வரை யோசிக்கலாம். எல்லாம் ஒரே அளவில், சிறியவையாக இருக்கட்டும்; ஒரே நாளில் விடுங்கள். உணவைச் சிறிது சிறிதாக நாளைக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். இவ்வளவு செய்தும் சில குறையலாம். எனவே அடிபடும் மீனை எடுத்து வைக்கத் தனித் தொட்டி ஒன்று தயாராக இருப்பது அவசியம்.

நன்னீர் மீன் வளர்த்த கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் சுமார் 6.7 மில்லிகிராம்தான். கடல்நீர் காரத்தன்மை கொண்டது என்பதால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் அதில் கூடுதல். அந்த அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விடவே கூடாது. மின்தடை வந்தால் கூட்டம் முழுவதும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள்.

மீனுக்கு மீன் கணக்கும் மாறும். அந்தியாஸ் மீன்களில் ஓர் ஆணுடன் பல பெண்கள் வாழும். ஆண் இறந்தால் பெரிய பெண் ஒன்று ஆணாக மாறிவிடும். எனவே ஆண்கள் இரண்டை வாங்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட கார்டினல் மீன்கள், வளர்ந்ததும் இரண்டு ஜோடி சேர்ந்து மற்றவற்றைத் துரத்தும். அந்த இனம் 2007-இல் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாங்குவதானால், தொட்டியில் பிறந்த ஒரு ஜோடியை மட்டும் வாங்குங்கள். சிறிய தொட்டிக்கு, பண்ணையில் பிறந்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி இன்னும் பொருத்தமானது.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவராக இருந்தபோது ஒரு சிறு பறவையை வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. உயிரினங்களை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நமக்குத் தெரிந்ததே. அடைத்து வைத்தவர் மீதுதான் பொறுப்பு. சாப்பாடு போட்டோம் என்பது மட்டும் போதாது. சாப்பிட விடாமல் ஒன்றை இன்னொன்று துரத்தும் இடத்தில் வைத்திருந்தால், அதற்கும் நாம்தான் பொறுப்பு.

அந்தச் சகோதரர் புதிதாக மீன் எதுவும் வாங்கவில்லை. மிஞ்சிய ஒரு குரோமிஸ் மட்டும் நன்றாகச் சாப்பிட்டு நீந்திக்கொண்டிருக்கிறது. "இந்தத் தொட்டிக்கு ஒண்ணுதாம்மா கணக்கு" என்று மகளிடம் சொல்லிவிட்டார். கடைக்குப் போகும்போது மீனின் விலையைக் கேட்பதற்கு முன், நம் வீட்டுத் தொட்டியின் அளவைச் சொல்லி, அதில் இந்த மீன் எத்தனை வாழும் என்று கேளுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் நின்று அதைக் கேட்கட்டும்.