ஆடுகிற லீவரும் பொய் சொல்கிற விளக்கும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போகும் வழியில் இருக்கிறது தாமல். கன்டெய்னர் லாரிகளும் ஆம்னி பஸ்களும் விரையும் அந்தச் சாலையிலிருந்து ஊருக்குள் ஒரு பழைய மாருதி 800 திரும்பப்போகிறது என்பதைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது ஓர் ஆரஞ்சு விளக்கு மட்டுமே. அந்த விளக்கை இயக்கும் இண்டிகேட்டர் லீவர் தொளதொளவென்று ஆடத் தொடங்கிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். இண்டிகேட்டர் போட்ட இடத்தில் நிற்காது. அல்லது, திரும்பி முடித்த பிறகும் அணையாது.

இரண்டாவதில்தான் ஆபத்து அதிகம். விளக்கே போடாத காரைக் கண்டால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பார். வலப்பக்க விளக்கு எரிந்தபடி நேராகப் போகும் காரை அவர் நம்பிவிடுவார். நம்பி, இடப்பக்கமாக ஏறி வருவார்.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. பிரீமியர் பத்மினி அவற்றுக்கும் முன்பே போய்விட்டது. ஆனால் கிராமப்புறங்களில் இந்த வண்டிகளைப் பேணி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினுக்கு ஆயில் மாற்றத் தவறாத பலரும் லீவர் ஆடுவதை மட்டும் கண்டுகொள்வதில்லை.

இண்டிகேட்டருக்கு ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு. ஆரம்பத்தில் கைதான் சைகை. வலப்பக்கம் திரும்ப வலக்கையை நேராக வெளியே நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப அதே கையை நீட்டிக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். பிறகு, கதவை ஒட்டிய தூணிலிருந்து ஒரு சின்னக் கைபோல வெளியே எழும்பும் டிராஃபிகேட்டர் வந்தது. 1950களின் மாரிஸ் மைனர் காரில் அது இருந்தது. மின்னி மின்னி எரியும் விளக்கை அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1939இல் தன் கார்களில் பொருத்தியது. திருப்பம் முடிந்ததும் தானே அணையும் ஏற்பாடு அதைத் தொடர்ந்து வந்தது.

அந்தத் தானே அணையும் ஏற்பாட்டில்தான் தேய்மானமும் தொடங்குகிறது. லீவரின் அடிப்பாகத்தில் ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு சிறு குண்டு இருக்கும். அது பள்ளத்தில் போய் உட்காரும்போதுதான் ‘டக்’கென்ற சத்தம் கேட்கும், லீவரும் போட்ட இடத்தில் நிற்கும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வரும்போது, அதோடு சுற்றும் ஒரு மேடு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைத் தட்டும். லீவர் நடுநிலைக்கு வந்துவிடும். இருபது, முப்பது வருட வெயிலில் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போகும், கிரீஸ் காய்ந்து பிசினாகும், திருகுகள் தளரும்.

ஆகவே கழற்றுவதற்கு முன் கோளாறின் குணத்தைப் பார்க்க வேண்டும். லீவர் ஆடுகிறது, ஆனால் விளக்கு ஒழுங்காக எரிகிறது, தானே அணைகிறது என்றால் பெரும்பாலும் சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகுகள்தான் தளர்ந்திருக்கும். திருகுகள் இறுக்கமாக இருந்தும் லீவர் ஆடினால், அது திரும்பும் அச்சு தேய்ந்திருக்கும். போட்ட இடத்தில் நிற்கவில்லையென்றால் குண்டோ ஸ்பிரிங்கோ போயிருக்கும். தானே அணையவில்லையென்றால் நாக்கு உடைந்திருக்கும். விளக்கு வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் லீவர்மீது பழி போடக் கூடாது. பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும், அல்லது எர்த் சரியில்லாமல் இருக்கும். பழைய 21 வாட் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டாலும் இதே வேகம் வரும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவதே சரியான அளவு. கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிகள் எண்ணினால் 15க்கும் 30க்கும் நடுவே வர வேண்டும்.

திருகு தளர்ந்ததுதான் கோளாறு என்றால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிடித்திருக்கும் ஸ்டார் திருகுகள் கீழ்ப்பக்கம் இருக்கும். அவற்றை எடுத்ததும் கவர் இரண்டாகப் பிரியும். பழைய கவர் எளிதில் விரிசல் விடும் என்பதால் நெம்பி இழுக்கக் கூடாது. உள்ளே தெரியும் சுவிட்சின் திருகுகளை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கினால் போதும். வேகத்தில் இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை கழன்றுபோகும். அதற்குப் பிறகு முழு சுவிட்சையே மாற்ற வேண்டியதுதான். மின்தொடர்புப் பகுதியில் பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ விடக் கூடாது. அதற்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்துக் காயவிட வேண்டும்.

கவரைத் திறந்த கையோடு ஒயர்களையும் பார்த்துவிடுவது நல்லது. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் ரிலே எதுவும் இல்லாமல் இந்த சுவிட்ச் வழியாகவே செல்கிறது. ஆடும் லீவரோடு ஒயரும் ஆடி உரசி அதன் உறை பிய்ந்திருந்தால், அல்லது சாக்கெட் பழுப்பேறி உருகியிருந்தால், அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டும். அச்சு தேய்ந்தாலும் நாக்கு உடைந்தாலும் அவரே பார்ப்பது சரி. சில வண்டிகளில் ஸ்டீயரிங் வீலையே கழற்ற வேண்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது முன்சக்கரம் நேராக இருந்தும் வீல் கோணலாக உட்கார்ந்தால் இண்டிகேட்டர் தப்பான இடத்தில் அணையும். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங் வீலைச் சொந்தமாகத் தொடவே கூடாது.

ஒட்டுப் பசை பூசுவதும், டேப் சுற்றுவதும், தீக்குச்சியை அடைத்து வைப்பதும் வைத்தியம் ஆகாது. அவை லீவரை ஒருபக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தானே அணைவது அடியோடு நின்றுவிடும். பழைய மாடல்களுக்கு, லீவரோடு சேர்ந்த இந்த முழு சுவிட்ச் (காம்பினேஷன் சுவிட்ச்) உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழையதாகவும் தேடலாம். பழையது வாங்கினால் கடையிலேயே இருபுறமும் தள்ளிப் பார்த்து, ‘டக்’ சத்தம் கேட்டபின் காசு கொடுக்கலாம்.

சட்டமும் இதில் கண் வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 102ஆவது விதி இண்டிகேட்டர் விளக்குகளைப் பற்றியது. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டும்போது விளக்குகளையும் பார்ப்பார்கள். அந்த நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லீவர் இன்றைக்கு ஆடினால் இந்த வாரமே திருகைப் பாருங்கள். சரியாகும்வரை, திரும்பியதும் விளக்கைக் கையால் அணையுங்கள்.