பாலூட்டுந் தாயின் காய்ச்சல்

ஆடவர் பயிலுங் கல்லூரியின் மலரில் இப்பொருள் எதற்கு என வினவுவோர் உளராகலாம். எம் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயினர். தாய் தன் நோவைச் சொல்லாது அடக்குங்கால் அதன் குறிகளை முதலிற் காண வேண்டியவர் அவர்களே.

மகப்பேற்றின் பின் முதல் ஆறு வாரங்களிலே மார்பக அழற்சி மிகுதியுந் தோன்றும். பெரும்பாலும் ஒரு மார்பில் மட்டும் ஓரிடஞ் சிவந்து, சுட்டு, தடித்து, தொடப் பொறாது நோகும். வெறும் பால்கட்டாயின் பிள்ளை குடித்தபின் இளகும். அழற்சியோ அவ்வாறு இளகாது. உடன் 38.5 பாகை செல்சியசும் அதற்கு மேலுமாகக் காய்ச்சலும், நடுக்கமும், உடல் உளைவும் வரும். கறுத்த மேனியிற் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. ஆதலின் சூட்டையும் நோவையும் கேட்டறிக.

எம் இல்லத்திலும் இது நேர்ந்தது. தடிமற் காய்ச்சலென்று எண்ணி இரண்டு நாள் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தோம். காய்ச்சற்பால் பிள்ளைக்கு ஆகாதென்று முதியோர் சொல்லப் பாலூட்டலையும் நிறுத்தினோம். இரண்டுந் தவறு. அப்பால் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. திடீரென நிறுத்தினாலோ பால் தேங்கி நோய் முற்றும். வழமைபோல் ஊட்டுக. அழுத்திப் பிசைதல் கூடாது. குளிர்ந்த ஒத்தடம் நன்று. ஒரு நாளிற் குறையாவிடின் வைத்தியரிடஞ் செல்க. தாய் மிகச் சோர்ந்திருப்பின் அந்நாளும் பொறுத்தல் ஆகாது. காய்ச்சல் தணிந்தும் கட்டி தணியாதாயின் உள்ளே சீழ் கோத்திருக்கலாம். எம் வீட்டில் அதனைக் கீறியே எடுக்க நேர்ந்தது.