அலைகாட்டியும் தனி மின்மாற்றியும்

1902-ஆம் ஆண்டில், காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழி வந்து கோலார் தங்கவயலை அடைந்தது. கோரமண்டல் முதலிய குடியிருப்புகளில் வாழும் தமிழர்க்கு மின்சாரம் நெடுநாளைய உறவு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்கு வேறு தொழில் நாடும் நம்மவர்க்கு, தொலைக்காட்சி முதலியவற்றைச் செப்பனிடுதலும் ஒரு கைத்தொழிலாகும். அதில் உயிர் காக்கும் விதி ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

வீட்டிற்கு வரும் இரு கம்பிகளுள் நியூட்ரல் என்பது, மின்வாரியத்தின் மின்மாற்றியிடத்தே பூமியுடன் இணைக்கப்பட்டது. ஆதலின் தரையில் நிற்பவர் 230 வோல்ட் பேஸ் கம்பியை மட்டும் தொட்டாலும் மின்சாரம் அவர் உடல்வழியே பாயும். ஆஸிலோஸ்கோப் எனப்படும் அலைகாட்டியின் எர்த் கிளிப்பும், பிளக்கின் மூன்றாம் ஊசி வழியே பூமியையே சேர்கிறது. தொலைக்காட்சியின் மின்வழங்கிப் பகுதியிலோ மின்சாரம் நேரே டயோடுகளுக்குச் செல்கிறது. அங்குள்ள எதிர்முனை பூமியன்று. அதில் கிளிப்பை மாட்டினால் பெருமின்னோட்டம் பாய்ந்து டயோடும் கிளிப்பும் எரியும்.

இதற்கு அஞ்சிச் சிலர் அலைகாட்டியின் மூன்றாம் ஊசியை நீக்கிவிடுகின்றனர். இது பெரும் பிழை. அப்பொழுது அலைகாட்டியின் உலோகப் பகுதிகளிலே மின்சாரம் ஏறி நிற்கும். தொடும் கையே அதற்கு வழியாகும்.

அலைகாட்டியின் எர்த்தை அப்படியே விட்டு, சோதிக்கப்படும் பெட்டியைத்தான் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்னும் தனி மின்மாற்றியில் இணைத்தல் வேண்டும். அதன் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. காந்தப்புலமே ஆற்றலைக் கடத்துகிறது. வெளிச்சுருளின் எம்முனையும் பூமியைச் சேராமையால், கிளிப்பை மாட்டினும் குறுக்கோட்டம் நிகழாது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒரே சுருள் உடையது. அஃது இக்காப்பைத் தராது.

எனினும், கிளிப்பை மாட்டிய கணமே அம்முனை பூமியாகிவிடுகிறது. பின்னர்ப் பெட்டியின் வேறு முனையைத் தொடுபவரை மின்சாரம் தாக்கும். வீட்டு மின்கசிவுக் காப்புக் கருவியும் அதனை உணராது. ஒரு மின்மாற்றியில் ஒரு பெட்டியை மட்டுமே இணைப்போம். சுவிட்சை அணைத்து, மின்தேக்கியில் எஞ்சிய மின்னழுத்தம் தீர்ந்ததை மீட்டரால் அளந்தறிந்த பின்னரே கிளிப்பை மாட்டுவோம். மின்மாற்றி நம் கவனத்திற்குத் துணையேயன்றி, கவனத்திற்கு மாற்றன்று.