இலங்கையில் ஐந்து முறை போர் நிறுத்தம்: ஐந்தும் முறிந்தது எப்படி?

"காசாவில் போர் நிறுத்தம்" என்று மலையாளப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகிற நாளில், களமசேரி எச்.எம்.டி. சந்திப்பு டீக்கடைகளில் அதே பேச்சுதான். 2023 நவம்பர் 24-ந் தேதி தொடங்கிய சண்டை நிறுத்தம் ஒரு வாரம் நின்றது. 2025 ஜனவரி 19-ந் தேதி தொடங்கிய நிறுத்தம் மார்ச் 18-ந் தேதி குண்டு வீச்சில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் ஒன்று. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இருந்து 1950-களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் உண்டு. ஆகவே கொச்சிக்கு அந்த ஊர்ச் சண்டை அப்படியொன்றும் தூரத்துச் செய்தி அல்ல.

தமிழர்களுக்கோ இது பழகிய கதை. கடலுக்கு அப்பால் இலங்கையில் கால் நூற்றாண்டுக்குள் ஐந்து முறை துப்பாக்கி ஓய்ந்தது. ஐந்து முறையும் மறுபடி வெடித்தது.

திம்புவில் நாலு கோரிக்கை

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியா தலையிட்டது. அதன் முயற்சியால் 1985 ஜூன் 18-ந் தேதி முதல் போர் நிறுத்தம் வந்தது. அடுத்த மாதம் பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரு பக்கம் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து போராளி இயக்கங்களும். எதிர்ப்பக்கம் ஜனாதிபதி ஜெயவர்த்தனேயின் தம்பி எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனே தலைமையில் இலங்கைக் குழு.

தமிழர் தரப்பு நாலு கோரிக்கைகளை வைத்தது. தமிழர் ஒரு தேசிய இனம். அவர்களுக்குத் தாயகம் உண்டு. சுய நிர்ணய உரிமை உண்டு. இலங்கையில் வாழும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை வேண்டும். முதல் மூன்றையும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாலாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கேரளத் தமிழர்கள் கவனிக்க வேண்டியது அந்த நாலாவதைத்தான்.

தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களைப் பற்றியது அது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஆடு மாடு பிரிப்பது மாதிரி! அப்படி வந்தவர்களுக்காக 1976-ல் புனலூரில் ரப்பர் தோட்டக் கம்பெனி ஒன்றே தொடங்கப்பட்டது. கொல்லம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் தமிழர் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

திம்பு பேச்சு ஆகஸ்டில் முறிந்தது. வவுனியாவில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் தமிழர் தரப்பு எழுந்து வெளியேறியது.

பன்னிரண்டு பேர் சாவு

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பில் இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடிக்கப் பாய்ந்தான். அபசகுனம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. சகுனம் கிடக்கட்டும், சண்டை போட்ட விடுதலைப்புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை என்பதுதான் கோளாறு.

இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26-ந் தேதி திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் குமரப்பா, புலேந்திரன் உள்பட 17 புலிகள் கடலில் பிடிபட்டார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக இலங்கை சர்க்கார் பிடிவாதம் பிடித்தது. பலாலி முகாமில் அவர்கள் சயனைடு தின்றார்கள். 12 பேர் செத்தார்கள். கிழக்கே சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 10-ந் தேதி மாலை வாங்கிய படையும் புலிகளும் மோதிக்கொண்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் பலியாகி இருந்தார்கள். செத்த தமிழ்ப் பொதுமக்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

அமைதிப்படையை வெளியேற்றுவதற்காக ஜனாதிபதி பிரேமதாசா புலிகளுடன் 1989-ல் கை கோத்தார். படை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1990 ஜூனில் கிழக்கில் நூற்றுக்கணக்கான போலீசார் சரண் அடைந்த பிறகு கொல்லப்பட்டார்கள். யுத்தம் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். தமிழ் பேசும் மக்களே அவர்களும்.

சந்திரிகா காலத்து நிறுத்தம் 1995 ஜனவரி 8-ந் தேதி தொடங்கி நூறு நாள் ஓடியது. ஏப்ரல் 19-ந் தேதி திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் தகர்த்தார்கள். அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து ஜனம் லட்சக்கணக்கில் மழையில் மூட்டையுடன் நடந்தது.

திறந்த சாலை, மூடிய மதகு

நீண்ட நாள் நின்றது ஐந்தாவது நிறுத்தம். 2002 பிப்ரவரி 22-ந் தேதி நார்வே மத்தியஸ்தத்தில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கேயும் பிரபாகரனும் கையெழுத்திட்டார்கள். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கண்டி - யாழ்ப்பாணச் சாலை திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடி. புலிகளுக்கு வரி கட்ட வேண்டும். ஆனாலும் பஸ் ஓடியது. மகனைப் பார்க்காத தாய் பார்த்தாள். வீடு இருந்த இடத்தைத் தேடிப்போனவர்கள் கூரை இல்லாத சுவரைக் கண்டார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து வரப்பை விட்டு இறங்காமல் நடந்தார்கள். அப்படியும் மேய்ந்து கட்டினார்கள்.

ஐந்து நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு அங்கே இருந்தது. மீறல்களை எழுதிக்கொள்ளலாம்; தடுக்க அதிகாரம் இல்லை. எழுதிய மீறல்களில் மிகப் பெரும்பாலானவை புலிகள் மேல். சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் அதில் அடக்கம். ராணுவமோ உயர் பாதுகாப்பு வலயம் என்று பிடித்துவைத்த வீடுகளை விடவில்லை. கொழும்பில் பிரதமர் ஒரு கட்சி, ஜனாதிபதி எதிர்க்கட்சி. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினார்கள். நவம்பரில் சந்திரிகா மூன்று மந்திரி இலாகாக்களைப் பறித்துக்கொண்டார். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். டிசம்பரில் சுனாமி வந்தது. செத்தவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் உண்டு. நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் செய்த உடன்பாட்டைக்கூட சுப்ரீம் கோர்ட்டு அடுத்த மாதமே தடுத்து வைத்தது.

அந்த நவம்பரில் புலிகள் சொல்கேட்டு வடக்கே தமிழர்கள் ஓட்டுப் போடவில்லை. ராஜபட்சே 2 லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார். ரணில் தோற்றார்.

கடைசியில் யுத்தம் ஒரு வாய்க்கால் மதகில் மூண்டது. 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்து மாவிலாறு மதகைப் புலிகள் அடைத்தார்கள். ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. முல்லைப் பெரியாறு பேச்சைக் கேட்டு வளர்ந்த கேரளத் தமிழருக்கு மதகு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. விமானங்கள் குண்டு போட்டன. மதகைத் திறக்கக் கண்காணிப்புக் குழுத் தலைவர் நேரில் போனபோது அந்தப் பக்கம் ஷெல் விழுந்தது. பக்கத்து மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டு 11-ந் தேதி முகமாலையில் சண்டை, சாலை அடைபட்டது. யாழ்ப்பாணத்தில் அரிசி, மண்ணெண்ணெய்க்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காகிதத்தில் மட்டும் நிறுத்தம் இருந்தது. 2008 ஜனவரி 16-ந் தேதி அதையும் சர்க்கார் முறைப்படி ரத்து செய்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

படகில் வந்தவர்கள்

ராமேசுவரம் கரைக்கு அகதிகள் வந்த அலைகளைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். 1990, 1996, 2006 - ஒவ்வொன்றும் ஒரு போர் நிறுத்தம் முறிந்ததை ஒட்டி வந்த படகுகள். அமைதி வந்துவிட்டது என்று நம்பி ஊர் திரும்பி, மறுபடி வந்தவர்களும் அவற்றில் உண்டு. தமிழக சர்க்கார் 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்களும் அந்த முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் மலையக வம்சத்தினரும் உண்டு. திம்புவில் வைத்த நாலாவது கோரிக்கையின்படி இலங்கை 2003-ல் சட்டம் போட்டு மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது. அப்போது அவர்கள் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இருந்தார்கள்.